முதல் குளியல்

ஆமா தம்பி, அந்தப் பொம்மையத் தூக்கிக் குப்பைத் தொட்டியில போட்டது நான்தான். யாராவது தேடிக்கிட்டு வந்தா என்னையக் கை காட்டு. எழுபத்தாறு வயசுக்காரிய என்ன பண்ணிருவாங்க, இந்தக் கார் கண்காட்சிய விட்டு வெளிய போகச் சொல்லுவாங்க, அவ்வளவுதானே. நீ வரும்போது பாத்திருப்பியே, வரிசைக்கு வரிசை நிக்குது. பஞ்சு அடைச்ச பிள்ளை. கவுனு, தொப்பி, காலுக்கு நெசமான ஷூ. மூஞ்சி மட்டும் கிடையாது. மூஞ்சி இருக்க வேண்டிய எடத்தக் கையால பொத்திக்கிட்டு கார் பம்பர்ல சாஞ்சு அழுவுற மாதிரி நிக்க வச்சிருக்காங்க. சேட்டை பண்ணின பிள்ளையத் தண்டனைக்கு நிப்பாட்டியிருக்காங்களாம். வேடிக்கையாம். இதுல எங்கேருந்துதான் இவங்களுக்குச் சிரிப்பு வருதோ.

நீ உன் வேலையப் பாரு, தண்ணி பீச்சற மிஷின்ல குழாய மாட்டு. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கேன். இல்ல இல்ல, இந்த ஃப்ளாஸ்க்குல காப்பி இல்ல. காப்பி வேணும்னா அந்தா, பன்றிக்கறி வறுவல் விக்கிற கூடாரத்துல தர்றாங்க. ஆனா குடிக்காத. ஒரு வாய் குடிச்சேன், இந்தக் காரு ரேடியேட்டர்லருந்து பிடிச்ச மாதிரி இருந்துச்சு.

உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். காரப் பின்னாடியிலருந்து கழுவ ஆரம்பிக்காத. முன்னாடியிலருந்து ஆரம்பி.

தெரியும், தெரியும், இந்தக் காரக் காட்சிக்குக் கொண்டாந்த ட்ரென்ட் உங்கிட்ட என்ன சொல்லியிருக்கான்னு எனக்கு நல்லாத் தெரியும். காலையிலருந்து மைக்குல அதத்தானே கத்திக்கிட்டு இருக்கான். மேடையில நடக்குற போல்கா ஆட்டக் கச்சேரி முடிஞ்சதும் எல்லாரும் இங்க வாங்க, நாப்பது வருஷத்துக்கு அப்புறம் இந்தக் காருக்கு முதல் குளியல், பத்து, ஒம்போது, எட்டுன்னு எல்லாரும் சேந்து எண்ணணும், எண்ணி முடிச்சதும் முதல் தண்ணி டிக்கி மேல இருக்கற அந்த எழுத்து மேலதான், காரே வாயத் திறந்து கேக்குது பாருங்க, என்னைக் கழுவு ப்ளீஸ்னு, அப்படின்னுட்டு ஒரு சிரிப்பு. காமிராவ அங்கதானே நட்டு வச்சிருக்கான். அதனாலதான் கேக்கறேன். ஏன்னு கேக்குற. சொல்றேன் இரு. கச்சேரியில அக்கார்டியன் வாசிக்கறவன் அவ்வளவு சீக்கிரம் நிறுத்துறவன் இல்ல.

இந்தக் காரு எங்க வீட்டுக் காரு. ஆமா. என்ன அப்படிப் பாக்குற. ட்ரென்ட்டுக்கு வித்தவளே நான்தான். கயித்துல ஒரு அட்டை தொங்குதே, சவுத் பெண்ட்டுக்கு மேற்க ஒரு பண்ணைக் கொட்டகையில கண்டெடுத்ததுன்னு, அந்தக் கொட்டகை என்னோடது. கண்டெடுத்தானாம்! என்னமோ பொதையல் மாதிரி. நான் ஃபோன் பண்ணி வரச் சொன்னேன். வந்தவனுக்கு ஆப்பிள் பை வேற சுட்டுக் குடுத்தேன்.

விக்கும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். இந்தக் காரக் கொண்டு போன உடனே கழுவணும். நல்லாக் கழுவணும். அவன் என்ன சொன்னான் தெரியுமா? அதுதாம்மா மொத வேலை, வீட்டுக்குப் போன உடனே அதுதான்னான். போனது ஏப்ரல்ல. இப்ப செப்டம்பர். ஒரு சொட்டுத் தண்ணி காட்டல. ஊர் ஊரா இழுத்துக்கிட்டுப் போயி, கயிறு கட்டி, தொடாதீர்கள்னு எழுதிப் போட்டு, அழுக்கக் காட்டிக்கிட்டு இருக்கான். கழுவாத காருக்குத்தான் இப்ப மவுசாம். அழுக்கு அப்படியே இருந்தா அசலாம், தொடச்சா மதிப்புப் போயிருமாம். கூரை மேல பாரு. அது என்னன்னு நினைக்கிற? என் கோழிங்க போட்ட எச்சம். நாலு தலைமொறைக் கோழிங்க. நேத்து ஒரு பொம்பளை, நல்லாப் படிச்சவ மாதிரி இருந்தா, அது முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுத்துக்கிட்டா.

இதுல இன்னொரு கூத்து கேளு. இந்த அழுக்குல பாதி எங்க வீட்டு அழுக்கே கிடையாது. எங்க கொட்டகைத் தூசி மஞ்சளா இருக்கும், ஓட்ஸ் உமி கலந்தது. இது பாரு, சாம்பலா, பஞ்சு பஞ்சா. ஜூன் மாசம் ஏத்திக்கிட்டுப் போறப்ப வழியில மழை பிடிச்சுக்கிச்சாம். பின்பக்கம், இடது பக்கம் எல்லாம் தூசி கழுவிக்கிட்டுப் போயிருச்சு. பய பதறிப் போயி, வீடு கூட்டுற மிஷின்ல இருந்த தூசிப் பையக் கிழிச்சு மேல தூவி விட்டிருக்கான். அவன் பொண்டாட்டியே எங்கிட்ட சொன்னா. அந்தப் பொண்ணுக்கும் பாவம், இவன் கூடக் குடும்பம் நடத்தி அலுத்துப் போச்சு போல. ஆக, அவன் வீட்டுக் கம்பள மயிரத்தான் இத்தனை பேரும் நாப்பது வருஷத்துத் தூசின்னு குனிஞ்சு குனிஞ்சு கும்புடுறாங்க.

உள்ள மோந்து பாத்தியா? பாக்காத. காலையில ஒருத்தர் கண்ணாடி எறக்கியிருந்த சந்துல மூக்க விட்டுட்டு, ஆகா, இந்த வாசனை, எங்கப்பா ஞாபகம் வருது, அப்படின்னு கண்ணு கலங்கிட்டாரு. யோவ், அது எலி மூத்திரம்யா! வாய் வரைக்கும் வந்துருச்சு. அடக்கிக்கிட்டேன். அவரு அப்பா என்ன வாசனையில இருந்தாரோ, நமக்கென்ன.

எல்லாருக்கும் எதாவது ஒண்ணு ஞாபகம் வந்துருது தம்பி. அதான் எனக்கு ஆகவே ஆகாது. எங்கப்பா இதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தாரு. எங்க மாமா இதே கலர் வச்சிருந்தாரு. நான் மொத மொதல்ல முத்தம் குடுத்தது இதுலதான். இந்த ஊர்ல எல்லாரும் மொத முத்தம் குடுத்தது, இங்க ஆலையில செஞ்ச இந்த ஸ்டூட்பேக்கர் கார்லதானாம். அந்த ஆலையில செஞ்ச வண்டி அத்தனையும் சேந்தாலும் பத்தாது இவங்க குடுத்த முத்தத்துக்கு. ஆலைய மூடினப்ப நான் பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருந்தேன், அன்னைக்கு ஆரம்பிச்ச பொலம்பல இந்த ஊர் ஆம்பளைங்க இன்னும் நிறுத்தல.

அப்புறம் அந்த அடையாளம் சொல்ற வித்தை. சேர மடக்கித் தூக்கிக்கிட்டு வந்து ரோட்டு ஓரமா உக்காந்துக்கிறது, போற வண்டி பின்விளக்கப் பாத்துட்டு வருஷத்தச் சொல்றது. அதுல ஒரு பெருமை. இதே காருக்கு முன்னாடி ரெண்டு பேரு, வயசு எண்பது இருக்கும், மத்தியானம் கட்டி உருளாத குறை. ஒருத்தர் அம்பத்தேழுங்கறாரு, இன்னொருத்தர் அம்பத்தெட்டுங்கறாரு. யோவ், உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா, முன்னாடி இருக்கற கம்பி ஜாலியப் பாருய்யா, வலை மாதிரி இருக்கு, வலை போட்டா அம்பத்தெட்டுய்யா. போடா வெண்ணெ, உள்ள இருக்கற நம்பரப் பாரு, அம்பத்தேழு. நீ வித்ததெல்லாம் டிராக்டர், உனக்கு என்னடா தெரியும். நீ ஓட்டினதெல்லாம் உன் மாமனார் வண்டி, உனக்கு என்னடா தெரியும். நான் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தேன். காரு அம்பத்தேழு. அந்த ஜாலி அம்பத்தெட்டு. எங்க வீட்டுக்காரரு ஃப்ளாயிட் ஒரு மான் மேல கொண்டு போயி மோதிட்டு, பழைய சாமான் கடையிலருந்து வாங்கி மாட்டினது. அந்த மானைத்தான் ஒரு மாசம் தின்னோம். சொல்லியிருக்கலாம். எதுக்குச் சொல்லணும்? சொன்னா அதுவும் அட்டையில ஏறும்.

அது எங்க வேணா போகட்டும். மெர்ல்னு ஒருத்தன் இருக்கான், தெரியுமா? பட்டன் பட்டனா சட்டை பூரா சின்னம் குத்தியிருப்பான், கையில டார்ச் லைட்டு. முன்னாடி கார் வியாபாரம் பண்ணினவன். இந்தக் கூட்டத்துக்கே அவன் சொன்னதுதான் தீர்ப்பு. நேத்து வந்து ஒரு மணி நேரம் படுத்துப் பெரண்டு பாத்தான். எழுந்திரிச்சு முட்டியத் தட்டிக்கிட்டு சொல்றான்: துரு நெசம். எச்சம் நெசம். எலிக்கூடு நெசம். தூசி நெசம்! அந்தக் கம்பள மயிர நெசம்னுட்டான் தம்பி. அப்புறம் டிக்கிப் பக்கம் போயி லைட்டு அடிச்சுப் பாத்து, உதட்டப் பிதுக்கி, இது ஒண்ணுதான் டூப்பு அப்படிங்கறான். சுத்தி இருக்கற தூசியெல்லாம் மங்கலா இருக்காம், எழுத்து மட்டும் கறுப்பாப் பளிச்சுனு இருக்காம். நாப்பது வருஷம் ஆகியிருந்தா மூடியிருக்குமாம். டேய் ட்ரென்ட், போன வாரம் எழுதினியா இல்ல முந்தின வாரமாடா, காமிராவுக்குன்னு? சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிக்கறாங்க. ட்ரென்ட் என்ன சொல்லணும்? நான் எழுதலன்னு சொல்லணுமா இல்லையா? அவன் சும்மா கண்ணடிக்கறான். சிரிச்சா கூட்டம் சேரும்ல.

நான் அங்கேதான் நின்னேன். ஒரு சோள ரொட்டிய வாங்கிக் கையில வச்சுக்கிட்டு, திங்கவும் முடியாம, போடவும் முடியாம.

பளிச்சுனு இருக்காம். ஏன் இருக்காது? அது வெறும் தூசியில எழுதினதில்ல. கிரீஸ் டப்பாவுல வெரல விட்டு எழுதினது. அதனாலதான் மழையில கூடப் போகல. உன் மிஷின்ல எவ்வளவு வேகமாப் பீச்சினாலும் அது போகாது பாரு, சோப்புப் போட்டுக் கையால தேய்க்கணும். இத்தனை வருஷம் காரு காருன்னு கெடந்த அந்த மெர்ல், கிரீஸ்ல கை வச்சே பாத்திருக்க மாட்டான் போல.

இன்னொண்ணு கேளு. இங்க வா, ஒரு நிமிஷம் அந்தக் குழாயக் கீழ வை. இப்படி நில்லு. எழுத்து எங்க இருக்கு? பம்பருக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். நீ எழுதணும்னா என்ன பண்ணணும்? முட்டி போடணும். அழுக்குக் கார் மேல என்னைக் கழுவுன்னு கிறுக்கறது இந்த நாட்டுல எல்லாப் பயலும் பண்றதுதான், நீயும் பண்ணியிருப்ப. முட்டி போட்டா பண்ணின? அது மட்டுமில்ல, ப்ளீஸ்னு போட்டியா? எந்த ஆம்பளை அழுக்குக் கார் மேல ப்ளீஸ்னு எழுதுவான்? வலை மாதிரி ஜாலி, நம்பர், ரெக்கை வளைவு, எல்லாத்தையும் அளந்து அளந்து பாத்தாங்களே, இத ஒருத்தன் பாக்கல. நேத்து வந்து நான் பாக்கறேன், சரியா அந்த எழுத்துக்கு முன்னாடி அந்தப் பொம்மைய நிக்க வச்சிருக்கான் ட்ரென்ட். கவுனு போட்டு. முதுகக் காட்டிக்கிட்டு. ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல. அதான் காலையில வந்ததும் மொத வேலையா அதத் தூக்கிப் போட்டேன்.

ட்ரென்ட் கிட்டயா? ட்ரென்ட் கிட்ட எதுக்குச் சொல்லணும். சொன்னா என்ன ஆகும் தெரியுமா. மைக்க எடுத்துருவான். என்னைய இழுத்துக் காமிரா முன்னாடி நிப்பாட்டித் தோள்ல கையப் போட்டுக்குவான். பின்னாடி ஒரு சோகப் பாட்டு. நாலு பேரு அழுவாங்க, மெர்ல் உட்பட. அப்புறம்? அப்புறம் கழுவவே மாட்டான் தம்பி! அதான் விஷயமே. இந்த எழுத்து அசலு, இதுக்கு ஒரு கதை இருக்குன்னு தெரிஞ்சா அதுக்கு மேல ஒரு கண்ணாடி போட்டு மூடி, புது அட்டை எழுதி, இன்னும் நாப்பது வருஷம் ஊர் ஊராக் கொண்டு போவான். அதுக்கா வித்தேன்?

நாப்பது வருஷம் ஃப்ளாயிட் பண்ணினது பத்தாதா. அந்த மனுஷன் கிட்ட இந்தக் காரக் கேட்டு எத்தனை பேரு வந்திருப்பாங்க. வாசல்ல சீட்டு எழுதி வச்சுட்டுப் போவாங்க. எல்லாருக்கும் ஒரே பதில்தான்: விக்கிறதில்ல, அடுத்த வசந்தத்துல நானே சரி பண்ணப் போறேன். இந்தக் கார்ப் பைத்தியங்க எல்லாருமே சொல்ற வார்த்தைதானே அது. கொட்டகைக்குக் கொட்டகை ஒரு துருப்பிடிச்ச வண்டி, அடுத்த வசந்தத்துல. அதனால ஊர்ல இவரும் அப்படி ஒரு ஆளுன்னு விட்டுட்டாங்க. ஆனா கார் ஆசைக்காரன் எங்க சேரப் போட்டு உக்காருவான்? முன்னாடி, மொகத்தப் பாத்துக்கிட்டு. இவரு பின்னாடி உக்காருவாரு. சாயங்காலம் மாட்டுக்குத் தீனி போட்டுட்டு, ஒரு வாளியக் கவுத்துப் போட்டு, டிக்கியப் பாத்துக்கிட்டு. கோழி கூரை மேல பேண்டா கண்டுக்க மாட்டாரு. டிக்கி மேல மட்டும் ஒரு கம்பளி. குரோமியம் கெடாம இருக்கப் போத்தி வச்சிருந்தாருன்னு ட்ரென்ட் எல்லாருக்கும் வெளக்கம் சொல்றான். குரோமியமாம். மண்ணாங்கட்டி.

எனக்கு அந்த மனுஷன் மேலயும் வெறுப்புத்தான். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒரு தடவை கத்தியே விட்டேன். பிள்ளை உங்கிட்ட என்ன கேட்டா? கழுவுன்னு கேட்டா. வச்சுப் பாத்துக்கிட்டே இருன்னா கேட்டா? வாளியில சோப்புத் தண்ணி கலந்துக்கிட்டு நான் போனேன். அவரு வந்து டிக்கிக்கு முன்னாடி மண்ணுல உக்காந்துட்டாரு. தடுக்கல, திட்டல, சும்மா உக்காந்துட்டாரு. அந்த உக்காந்த ஆளத் தாண்டி நான் எப்படிப் போறது. தண்ணியக் கொண்டு போயி ரோஜாச் செடிக்கு ஊத்தினேன். செடி செத்துப் போச்சு.

அவரு போயிச் சேந்த பொறவு தடுக்க ஆளில்ல. அப்பவும் போனேன், அதே வாளி. இந்தக் கை போகல தம்பி. கம்பளிய எடுக்கறேன், மறுபடி மூடறேன். அப்பத்தான் நினைச்சேன், ஒண்ணும் தெரியாத எவனோ ஒருத்தன் கொண்டு போயி, ஒண்ணும் நினைக்காம ஒரு நாயித்துக்கிழமை கழுவி விட்டுருவான், அதுதான் நல்லதுன்னு. நல்ல ஆளாப் பாத்துத்தான் வித்திருக்கேன் பாரு.

நேத்து அந்த அறிவிப்பக் கேட்டேனா, பத்து ஒம்போது எட்டுன்னு எண்ணி, முதல் தண்ணி விழுந்ததும் எல்லாரும் கை தட்டணும்னு. கை தட்டணுமாம். அது அழியறதுக்கு. அதக் கேட்டதும் எனக்கு ஒரு அருவருப்பு வந்துச்சு. அந்த அருவருப்புலதான் இந்தக் கைக்குத் தெம்பே வந்துச்சு.

யாரு எழுதினதுன்னா கேக்குற? அட, சொல்லவே இல்லையா. எங்க மக லுவான். எட்டு வயசு. அந்தக் கோடை பூரா அவங்கப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுக்கறது அவதான், சக்கரத்துக்கு கிரீஸ் வைக்கறது அவதான். முழங்கை வரைக்கும் கறுப்பு. அடுத்த வசந்தத்துல பெயின்ட் அடிச்சுக் கழுவித் தொடச்சு ரெண்டு பேரும் இந்தக் கண்காட்சிக்குத்தான் கொண்டு வர்றதா இருந்தாங்க. அவ்வளவு நாள் பொறுக்க மாட்டேன்னு எழுதி வச்சா. ப்ளீஸ் போடாம எதுவும் கேக்கக் கூடாதுன்னு நான் சொல்லிக் குடுத்திருந்தேன், அதான் அந்த ப்ளீஸ். அந்த வருஷமே நவம்பர்ல, தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின வாரம் மூளைக் காய்ச்சல் வந்து போயிட்டா.

நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். தொப்பியையும் கழட்ட வேண்டாம், யாராவது பாத்தா என்னமோன்னு வந்துருவாங்க. கச்சேரி முடியப் போகுது, இதுதான் அவங்க கடைசிப் பாட்டு. அந்தக் கயித்தக் கொஞ்சம் தூக்கிப் பிடி, நான் குனிஞ்சு வந்துர்றேன். நீ அந்த மிஷின ஓட்டிக்கிட்டு முன்பக்கம் போயி நில்லு, எல்லாரும் அந்தப் பக்கம் பாக்கட்டும். ட்ரென்ட் கேட்டா, எழுத்து எப்படிப் போச்சுன்னு தெரியலன்னு சொல்லு. டூப்பு எழுத்துதானே, போனா என்ன.

துணி என்கிட்ட இருக்கு. உன் வாளியில இருக்கறது வேண்டாம்ப்பா, இந்த ஃப்ளாஸ்க்க மட்டும் தெறந்து குடு, மூடி இறுகிக்கிச்சு. வீட்லருந்து சோப்புப் போட்டுச் சுடுதண்ணியாக் கொண்டாந்தேன். அவளுக்குப் பச்சைத் தண்ணி ஆகாது.